இரண்டு பத்திரிகை படிக்கிற பிள்ளைகள்

மாணவர் பேச்சுப் போட்டிகளில் நடுவராக உட்கார்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். முதல் ஒரு நிமிடம் எல்லாப் பேச்சும் ஒரே பேச்சுதான். தமிழன்னைக்கு வணக்கம், அவைக்கு வணக்கம், நடுவருக்கு வணக்கம், ஒரு குறள், பிறகு இரண்டு அடுக்குமொழி. தலைப்பு எதுவென்று கண்டுபிடிக்க இரண்டாவது நிமிடம் வரை காத்திருக்க வேண்டும். அப்போதும் சில சமயம் பிடிபடாது.

தென்னை மரத்தைப் பற்றி நெட்டுருப் போட்டுக்கொண்டு தேர்வுக்குப் போன பையனின் கதை தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கேள்வித்தாளில் பசுவைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். பையன் கலங்கவில்லை. பசுவைக் கொண்டுபோய்த் தென்னை மரத்தில் கட்டினான். பிறகு பக்கம் பக்கமாகத் தென்னை மரம். பேச்சுப் போட்டிகளில் இந்தப் பசு இன்னமும் அதே மரத்தில்தான் கட்டப்பட்டிருக்கிறது. தலைப்பு முன்கூட்டியே அறிவிக்கப்படும் போட்டிகளில் இதனால் பெரிய நஷ்டமில்லை. ஆசிரியர் எழுதித் தருவார், பிள்ளை மனப்பாடம் செய்யும், பெற்றோர் கைதட்டுவார்கள். தலைப்பு கடைசி நேரத்தில் தரப்படும் போட்டிகளில்தான் கயிறு அறுந்து போகிறது.

கேரளப் பள்ளிக் கலோத்சவம் அப்படிப்பட்ட இடம். 1957-இல் எர்ணாகுளத்தில் தொடங்கிய இந்த விழாவில் ஒப்பனையும் நடனமும்தான் வெளியில் தெரிகிற முகம். செண்டையும் ஒப்பனையும் இல்லாத ஒரு மூலையில் பிரசங்கப் போட்டிகள் நடக்கின்றன. மலையாளம், ஆங்கிலம், ஹிந்தி இவற்றோடு தமிழிலும் உண்டு. மேடை ஏறுவதற்குச் சில நிமிடங்கள் முன்புதான் தலைப்பு கையில் கிடைக்கும். போதைப் பழக்கமாக இருக்கலாம், செயற்கை நுண்ணறிவாக இருக்கலாம், போராக இருக்கலாம், தண்ணீராக இருக்கலாம். அன்றைக்கு நாட்டில் எது நடக்கிறதோ அதை ஒட்டியே பெரும்பாலும் வரும்.

இதில் கிடைக்கும் ஒவ்வொரு கிரேடுக்கும் கணக்கு உண்டு. 'ஏ' என்றால் ஐந்து புள்ளி, 'பி' என்றால் மூன்று. 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த கலோத்சவத்தில் திருச்சூர் மாவட்டம் 1008 புள்ளிகளுடன் தங்கக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனது. பாலக்காடு 1007. ஒரே ஒரு புள்ளி. ஏதாவது ஒரு மேடையில் ஒரே ஒரு 'பி' கிரேடு 'ஏ' ஆகியிருந்தால் கோப்பை கணவாய்ப் பக்கம் வந்திருக்கும்.

அந்தக் கணவாயின் நடுவில் இருக்கிறது கஞ்சிக்கோடு. வாளையாறு சோதனைச் சாவடியைத் தாண்டி பாலக்காட்டை நோக்கிப் போகிறவர்கள் தொழிற்சாலைகளின் பெயர்ப் பலகைகளை வைத்தே ஊரை அடையாளம் கண்டுகொள்வார்கள். ஐ.டி.ஐ., இன்ஸ்ட்ருமென்டேஷன், பி.இ.எம்.எல். 2015-இல் பாலக்காட்டுக்கு வந்த ஐ.ஐ.டி.யும் இப்போது இந்தப் பக்கம்தான். 1956 வரை இந்தப் பகுதி சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. மாநிலம் மாறிய பிறகும் வீட்டு மொழி மாறாத குடும்பங்கள் வாளையாறு, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை வரை நிறைய. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் தமிழ்ப் பிரசங்கத்துக்குப் பெயர் கொடுக்கிறார்கள். தெற்கே இடுக்கியில் தேவிகுளம், பீர்மேடு தோட்டப் பகுதிப் பிள்ளைகளும் அப்படியே.

இவர்களுடைய சிக்கல் தமிழ்நாட்டு மாணவருக்கு இல்லாத சிக்கல். நடப்பு விவகாரம் பேச வேண்டுமானால் செய்தி தெரிய வேண்டும். செய்தி வருவது ஒரு மொழியில், பேச வேண்டியது இன்னொரு மொழியில். சொந்த ஊராட்சியில் என்ன நடக்கிறது என்பதை மலையாள மனோரமாவும் மாத்ருபூமியும்தான் எழுதுகின்றன. கோவையிலிருந்து வருகிற தினத்தந்தியிலும் தினமலரிலும் வாளையாறு என்றால் பெரும்பாலும் கடத்தல், விபத்து, யானை. தமிழ் வார்த்தை தமிழ்ப் பத்திரிகையில் இருக்கிறது, விஷயம் மலையாளப் பத்திரிகையில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத் தைக்கிற வேலை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் தலையில் விழுகிறது.

தைக்கும்போது ஊசி குத்துகிற இடங்களும் உண்டு. மலையாளத்தில் 'விதி' என்றால் நீதிமன்றத் தீர்ப்பு. தமிழில் அது தலையெழுத்து அல்லது சட்டத்தின் ஒரு பிரிவு. "உச்ச நீதிமன்றத்தின் விதி 2014-இல் வந்தது" என்று ஒரு மாணவி சொன்னால், வாளையாறுக்கு அந்தப் பக்கத்து நடுவர் யாருடைய தலைவிதி என்று யோசிப்பார். மலையாளத்து 'அவகாசம்' உரிமை, தமிழ் அவகாசம் நேரம். மனித அவகாசம் மீறப்பட்டது என்று உணர்ச்சியோடு முழங்குகிற பிள்ளைக்கு மணி அடிப்பவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். 'பிரமேயம்' என்றால் தீர்மானம், 'கரார்' என்றால் ஒப்பந்தம், 'ஜலநிரப்பு' என்றால் நீர்மட்டம். எல்லாம் பக்கத்துப் பக்கத்து வீட்டு வார்த்தைகள். அதனால்தான் அடையாளம் குழம்புகிறது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் இடது பக்கம் மலையாளச் செய்திச் சொல்லையும் வலது பக்கம் தமிழ்ப் பத்திரிகைச் சொல்லையும் எழுதி வைத்துக்கொள்கிற மாணவருக்கு ஆறு மாதத்தில் ஒரு சின்ன அகராதியே கையில் இருக்கும். கடையில் விற்கிற எந்தப் பேச்சுப் போட்டிப் புத்தகத்திலும் அது கிடையாது.

ஆறு மாதம் என்பது கணக்கோடு சொன்னதுதான். ஜூன் மாதம் பள்ளி திறக்கிறது. ஜூன் 19 கேரளத்தில் வாசிப்பு தினம். நூலக இயக்கத்தை ஊர் ஊராகக் கொண்டுபோன பி.என். பணிக்கரின் நினைவு நாள். அன்றைக்குப் பள்ளிகளில் உறுதிமொழி எடுக்கிறார்கள். பள்ளி அளவிலான கலோத்சவம் முடிந்து, உபஜில்லா, மாவட்டம் என்று ஏறி மாநில விழா ஜனவரியில் வரும்போது இடையில் ஏறத்தாழ இருநூறு செய்தித்தாள்கள் வந்து போயிருக்கும். தயாரிப்பு என்பது இந்த இருநூறு நாள்தான். மேடைக்குப் பின்னால் கிடைக்கிற சில நிமிடங்கள் அல்ல. ஆனால் பயிற்சி என்ற பெயரில் பல இடங்களில் நடப்பது குரல் ஏற்ற இறக்கமும் கை அசைவும்தான். தமிழ்நாட்டு மேடைப் பேச்சாளர்களின் காணொலியைப் போட்டுக் காட்டி அதேபோலப் பேசச் சொல்கிறார்கள். இப்போது கைப்பேசியே எந்தத் தலைப்புக்கும் ஐந்து நிமிடப் பேச்சை எழுதிக் கொடுத்துவிடுகிறது. தென்னை மரம் டிஜிட்டல் ஆகிவிட்டது, அவ்வளவே.

அமெரிக்கப் பள்ளிகளில் இதே போட்டி வேறு விதமாக நடக்கிறது. 1925-இல் விஸ்கான்சின் மாநிலத்தில் தொடங்கப்பட்ட ஒரு மாணவர் பேச்சுக் கழகம் இன்று நாடு முழுவதும் போட்டி நடத்துகிறது. மாணவர் மூன்று சீட்டுகளை எடுத்து, அவற்றில் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். தயாரிக்க அரை மணி, பேச ஏழு நிமிடம். சீட்டில் இருப்பது "தண்ணீர்" என்பது போன்ற ஒற்றைச் சொல் அல்ல, முழுக் கேள்வி. இன்ன நாட்டு மத்திய வங்கி வட்டியைக் குறைக்க வேண்டுமா, இன்ன ஒப்பந்தம் நிலைக்குமா என்று. பேச்சின் தொடக்கத்திலேயே ஆம், இல்லை என்று பதில் சொல்லியாக வேண்டும். சொல்கிற ஒவ்வொரு தகவலுக்கும் எந்தப் பத்திரிகை, எந்தத் தேதி என்று வாயாலேயே குறிப்பிட வேண்டும். இதற்காக அந்த மாணவர்கள் பல ஆண்டுக்காலம் செய்தித்தாள் கத்தரிப்புகளைப் பெட்டி பெட்டியாக அடுக்கி, போட்டிக்குப் போகும் இடமெல்லாம் தூக்கிக்கொண்டு போனார்கள். பிற்பாடு பெட்டி மடிக்கணினியானது. பழக்கம் மாறவில்லை.

முன் தயாரிப்பில்லாமல் பேசுவதற்கு இத்தனை தயாரிப்பா என்று தோன்றலாம். ஆனால் இது தமிழுக்குப் புதிதல்ல. கேட்ட மாத்திரத்தில் பாடுகிறவனை ஆசுகவி என்று தனியாக வகைப்படுத்தி வைத்தது தமிழ் இலக்கண மரபு. காளமேகத்தின் பெயர் அதற்காகவே நிற்கிறது. அவர் அந்தக் கணத்தில் கொட்டிய சொல், அந்தக் கணத்தில் சேர்த்த சொல் அல்ல. திருக்குறளிலும் 'அவை அஞ்சாமை'க்கு முந்தைய அதிகாரம் 'அவை அறிதல்'. பயிற்சி தருகிறவர்கள் பலர் அறிதலைத் தாண்டிக் குதித்து நேரே அஞ்சாமைக்குப் போய்விடுகிறார்கள். பயமில்லாமல் பேசுகிற பிள்ளை கிடைக்கிறது, பேச விஷயமில்லாமல்.

கத்தரிப்பு என்றால் எல்லாவற்றையும் வெட்டி ஒட்டுவதல்ல. ஒரு விவகாரத்துக்கு ஒரு அட்டை, அதில் தேதிகள் மட்டும். உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. கஞ்சிக்கோட்டுக்கு ரயில் பெட்டித் தொழிற்சாலை வரும் என்று 2008-09 ரயில்வே பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. 2012-இல் அடிக்கல் நாட்டினார்கள். பெட்டி ஒன்றும் வெளியே வரவில்லை. அதே வட்டாரத்தில் புதுச்சேரி ஊராட்சியில் இருந்த பெப்ஸி ஆலை 2020-இல் மூடப்பட்டது. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை பாலக்காட்டுத் தொழில் நகரத்துக்கு ஒப்புதல் தந்தது: 1,710 ஏக்கர், ரூ. 3,806 கோடி. இந்த நான்கு வரியும் ஒரே அட்டையில் இருந்தால், "தொழில் வளர்ச்சி" என்று தலைப்பு வந்ததும் அந்தப் பிள்ளைக்கு முழக்கம் தேவைப்படாது. அறிவிப்புக்கும் புகைபோக்கிக்கும் நடுவில் எத்தனை ஆண்டு என்று கேட்டாலே போதும். அறிவிப்பு வந்த ஆண்டில் யாரோ எழுதிக் கொடுத்த பேச்சை மனப்பாடம் செய்தவரோ இன்னமும் ரயில் பெட்டித் தொழிற்சாலையைத் திறந்துகொண்டே இருப்பார்.

இதெல்லாம் சுலபமான தலைப்புகள். கடினமான ஒன்று எப்போதும் சீட்டுக் குலுக்கலின் அடியில் கிடக்கிறது. முல்லைப் பெரியாறு.

பெயரிலேயே தொடங்குகிறது வம்பு. மலையாளத்தில் அது பெரியார். அந்த உச்சரிப்பிலேயே தமிழில் சொன்னால் கேட்பவர் மனதில் ஈரோட்டுத் தாடிதான் வரும். றகரத்தைச் சரியாகச் சொன்ன பிறகாவது நிம்மதியா என்றால், இல்லை. ஒரே அணை, இரண்டு பத்திரிகையில் இரண்டு அணை. தமிழ்ப் பத்திரிகையில் அது ஐந்து மாவட்டத்து வயல், பென்னிகுயிக், 152 அடி, உரிமை. மலையாளப் பத்திரிகையில் அது சுண்ணாம்புச் சாந்தில் கட்டி நூறாண்டைத் தாண்டிய சுவர், நிலநடுக்கம், கீழே இருக்கும் ஊர்கள், புதிய அணை. இரண்டிலும் பொய் அதிகமில்லை. ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லை, அதுதான் விஷயம். 2011 நவம்பர், டிசம்பரில் என்ன நடந்தது என்பது எல்லைப்புறக் குடும்பங்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது. குமுளியில் வழி அடைபட்டது. வாகனங்கள் தாக்கப்பட்டன. இடுக்கித் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் குழந்தை குட்டிகளோடு மலையிறங்கித் தேனிப் பக்கம் போனார்கள்.

இப்போது கேரளத்துப் பள்ளி மேடையில், தமிழில், ஐந்து நிமிடத்தில் இதைப் பற்றிப் பேச வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்த எழுத்தை ஒப்பித்தால் கூடத்தில் பாதி முகம் இறுகும். மலையாளத் தலையங்கத்தை மொழிபெயர்த்து ஒப்பித்தால் வீட்டில் தாத்தா கேட்பார். பல பிள்ளைகள் கண்டுபிடித்திருக்கிற வழி நடுநிலை என்ற பெயரில் ஒன்றுமே சொல்லாமல் விடுவது. சகோதரத்துவம், பாரதம், ஒற்றுமை, நன்றி, வணக்கம். அதற்கும் 'பி' கிடைக்கும்.

தேதி அட்டை வைத்திருக்கிற பிள்ளைக்கு வேறு வழி உண்டு. 1886-இல் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் 999 ஆண்டுக் குத்தகை. 1895-இல் அணை முடிந்தது. பாதுகாப்பு குறித்த அச்சத்தால் 1979-இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்தது. அடுத்த மாதமே கேரளச் சட்டமன்றம் ஒரு சட்டத் திருத்தத்தால் அதற்குக் குறுக்கே நின்றது. 2014 மே 7-ஆம் தேதி அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லாது என்றது. 2021-இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இத்தனையும் ஒன்றரை நிமிடத்தில் சொல்லி முடிக்கலாம். இதில் ஒரு வரியைக்கூட எந்தக் கரையிலிருந்தும் யாரும் மறுக்க முடியாது. அவையின் இறுக்கம் தளர்வது இந்த இடத்தில்தான்.

மிச்சமிருக்கிற மூன்றரை நிமிடம்தான் எல்லைப்புறப் பிள்ளையின் சொத்து. அணைக்குக் கீழே பெரியாற்றங்கரையில் வண்டிப்பெரியாறு இருக்கிறது. அங்கே தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அணை பற்றிய பயம் என்று மலையாளப் பத்திரிகை எழுதுகிறபோது, இரவில் மழை பெய்தால் தூக்கம் வராமல் புரளுகிறவர்களில் தமிழர்களும் இருக்கிறார்கள். பாலக்காட்டுப் பக்கம் கதை தலைகீழ். 1970-இல் கையெழுத்தாகி, 1958 முதல் நடப்பில் இருப்பதாகக் கொள்ளப்பட்ட பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாடு ஆண்டுதோறும் மணக்கடவு அணைக்கட்டில் ஏழேகால் டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்குத் தர வேண்டும். அந்தத் தண்ணீர் போவது சித்தூர் வட்டத்துக்கு. தண்ணீர் குறைந்தால் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் பேசுகிற விவசாயி தமிழ்நாட்டு அரசைத்தான் திட்டுவார், தமிழிலேயே. ஓரிடத்தில் தமிழரின் அச்சம் கேரளத்தின் வாதமாக இருக்கிறது. இன்னோரிடத்தில் தமிழரின் பங்கு கேரளத்தின் உரிமையாக இருக்கிறது. சென்னையில் பரிசு வாங்குகிற பேச்சாளருக்கும் தெரியாது, திருவனந்தபுரத்தில் பரிசு வாங்குகிறவருக்கும் தெரியாது. இரண்டு பத்திரிகையையும் ஒரே திண்ணையில் விரித்துப் படிக்கிற வீட்டில்தான் இது தெரியும்.

இதைச் சொல்லிவிட்டு ஒரு நிலைப்பாடும் எடுக்க வேண்டும். புதிய அணையா, பழைய அணையைப் பலப்படுத்துவதா, நிபுணர் குழு சொல்வதை இரு தரப்பும் ஏற்பதா, எதுவானாலும் சரி. எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதற்கு மதிப்பெண் கிடையாது. அங்கே ஏன் நிற்கிறார் என்று தெரிந்திருக்க வேண்டும், எதிர்ப்பக்கத்து வாதத்தில் வலுவானது எது என்று சொல்லிவிட்டு நிற்க வேண்டும். வலுவில்லாததை எடுத்து வைத்து அடித்து நொறுக்குவது பட்டிமன்றத்து வேலை. அங்கே அதற்குச் சிரிப்பு வரும்.

கையில் கிடைக்கிற அந்தச் சில நிமிடங்களில் என்ன செய்வது என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. அனுபவமுள்ள ஆசிரியர்கள் சொல்வது எளிய விஷயம்: தலைப்பைக் கேள்வியாக மாற்று. "காட்டு விலங்குகளும் மனிதரும்" என்று சீட்டில் இருந்தால், வாளையாறு வழியாகப் போகும் ரயில் பாதையில் யானைகள் சாவதைத் தடுக்க முடியுமா என்று கேட்டுக்கொள். பிறகு பதிலை ஒரே வாக்கியமாக முடிவு செய். அந்த வாக்கியத்தைப் பேச்சின் கடைசியில் எப்படிச் சொல்வது என்று முதலில் தீர்மானம் செய். வழி தவறினாலும் இறங்குகிற நிறுத்தம் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகுதான் நடுவில் வைக்க மூன்று விவரம். 2021 நவம்பரில் மதுக்கரை அருகே நவக்கரையில் ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தது. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டு வனத்துறை மதுக்கரையில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக் கோபுரங்களை அமைத்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் வாளையாறு - கஞ்சிக்கோடு காட்டுப் பாதையில் என்ன செய்திருக்கிறார்கள் என்பது மூன்றாவது. முதல் இரண்டும் தமிழ்ப் பத்திரிகையில் கிடைக்கும், மூன்றாவதுக்கு மலையாளப் பத்திரிகை வேண்டும். வணக்கத்துக்கும் குறளுக்கும் சேர்த்துப் பதினைந்து வினாடி போதும்.

சனிக்கிழமை தோறும் ஒரு பயிற்சி செய்து பார்க்கலாம். செலவு இரண்டு பத்திரிகையின் விலை. ஒரே செய்தியை இரண்டிலும் தேடிப் படித்துவிட்டு, எழுதாமல், கண்ணாடி பார்க்காமல், வீட்டில் யாராவது ஒருவரிடம் ஐந்து நிமிடம் சொல்ல வேண்டும். கேட்கிறவருக்கு ஒரே வேலைதான். ஒவ்வொரு முறை எண்ணோ பெயரோ வரும்போதும் குறுக்கிட்டு, "யார் சொன்னது? எந்த ஊர்ப் பேப்பர்?" என்று கேட்க வேண்டும். தாத்தாக்கள் இதற்கு மிகவும் பொருத்தமானவர்கள். அவர்கள் எப்படியும் குறுக்கிடத்தான் போகிறார்கள்.